கடுகளவு வெளிச்சம்

சமையலறை மேடையில் கொண்டுவந்து வைத்த அரை மணி நேரத்திலேயே விளக்கு அணைந்துவிட்டது.

உதவியாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டு லிட்டர் பிடிக்கும் அகலவாய் ஃபிளாஸ்க். அதன் மூடியில் ஒரு பித்தளைத் துண்டு. அதற்கு மேல் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு. தகட்டிலிருந்து இரண்டு வயர், வயர் முனையில் கடுகளவு சிவப்பு விளக்கு. காலையில் கல்லூரி ஆய்வகத்தில் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, அதை அங்கிருந்து எடுங்க. அடுப்புப் பக்கத்துல எனக்கு இடம் வேணும்" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறு. குழந்தைங்க சோர்ந்து போயிருக்காங்க."

"நமக்குக் குழந்தை ஒருத்திதான். அவ நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கா. கையில நாலு மாசக் குழந்தையோட."

உதவியாளர் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். இந்த மாதிரிப் பேச்சு பதினோரு வருஷமாகவே அவருக்குப் பழக்கம்.

ஃபிளாஸ்க்குக்குள் இருப்பவை நுண்ணுயிர்கள். பேராசிரியர் அவற்றைக் குழந்தைகள் என்றுதான் சொல்வார். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் தின்னும், தின்றால் பெருகும், பெருகும்போது சுடும். கோடி கோடியாகச் சேர்ந்து சுட்டால் ஃபிளாஸ்க்குக்குள் நாற்பது டிகிரிவரை ஏறும். உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி, நடுவில் தகடு. அந்த வித்தியாசத்தைத் தகடு மின்சாரமாக மாற்றிவிடும். இப்படியே போனால் ஒருநாள் ஊருக்கே வெளிச்சம் கொடுக்கலாம் என்பது பேராசிரியரின் நம்பிக்கை. இப்போதைய நிலவரம், ஒரு கடுகு. அதுவும் அறையில் ஏ.சி. பதினெட்டில் ஓடினால்.

இந்த நுண்ணுயிர் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஈஸ்ட் வகையறாவுக்குத் தூரத்துச் சொந்தமாம். ஆனால் இப்படி ஒரு சொந்தம் இருப்பது அந்த வகையறாவுக்கே தெரியாதாம். பேராசிரியர் வாலிபத்தில் ஒரு மலையேறி, உச்சியில் இருந்த வெந்நீர் ஊற்றில் கையைச் சுட்டுக்கொண்டு, ஒரே ஒரு குப்பியில் பிடித்து வந்தது. அடுத்த மழையில் மண் சரிந்து ஊற்று மூடிப்போயிற்று. ஆகவே ஃபிளாஸ்க்கில் இருப்பதுதான் மொத்த வம்சமும்.

அந்த வம்சத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி வைக்க வேண்டும். வைப்பவர் உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், அடைமழை என்று எதுவும் விலக்கு இல்லை. மச்சினன் கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு, பெண் மேடைக்கு வருவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பியவர் அவர். மகளின் பிரசவத்துக்கு மனைவி மட்டும்தான் போனாள். பேத்தியை அவர் இதுவரை ஃபோனில்தான் பார்த்திருக்கிறார். அதிலும் மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியதால் ஒரு காதும் கொஞ்சம் நெற்றியும்தான் தெரிந்தன. கல்லூரியில் அவருக்குச் செவிலித்தாய் என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். கோபப்பட அவருக்குத் தெம்பு இருந்ததில்லை.

இந்தத் திங்கட்கிழமை ஆய்வகத்தைப் பார்க்க, அதற்குப் பணம் ஒதுக்கும் குழு வருகிறது. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கிளம்பும்போது பேராசிரியர் அவருடைய தோளில் கை வைத்து, "குழு முன்னாடி விளக்கு எரிஞ்சா உங்களுக்குப் பத்து நாள் லீவுய்யா. குழந்தைங்களை நானே பார்த்துக்கறேன். எரியலைன்னா லீவு மட்டுமில்ல, இந்த ஆய்வகம் இருக்குமான்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி அன்றைக்கே செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். துணிப்பையை அடுக்கி வாசல் நடையில் வைத்தாள். உதவியாளர் நாள் தவறாமல் அதில் இடறிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் கட்டடத்தில் வயரிங் வேலை என்று சொல்லி வெள்ளிக்கிழமை நண்பகல் முதல் திங்கள் காலை வரை மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஏ.சி. இல்லாத அறையில் குழந்தைகளை விட மனமில்லாமல் உதவியாளர் ஃபிளாஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி, பின்வாசல் வழியாக இரண்டு தெரு நடந்து, வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்.

"சமையலறை சூடு. அதான் அணைஞ்சிருக்கு. வெளியே குளிர்ச்சி இருந்தாதான் எரியும்" என்றார்.

ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து ஒரு பையில் போட்டு மூடி மேல் வைத்தார். விளக்கு மெல்லக் கண் திறந்தது. உதவியாளருக்கு உயிர் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்" என்றாள் மனைவி. "தண்ணி ஒழுகுது."

பையில் எங்கேயோ ஓட்டை. ஐஸ் தண்ணீர் மூடியின் காற்றுத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பதறிப் பையைத் தூக்குவதற்குள் மூடியில் செருகியிருந்த வெப்பமானி இருபத்தாறுக்கு வந்துவிட்டது. விளக்கு மறுபடியும் போயிற்று.

"குளிர் தாங்காம விறைச்சிருக்காங்க. இதமா கொஞ்சம் சாப்பிட்டா சரியாயிடுவாங்க" என்று சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கரைத்து ஊற்றினார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினாள். அவர் முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது ஃபிளாஸ்க் பொங்கிக்கொண்டிருந்தது. மூடியின் துளையிலிருந்து வெளிர் மஞ்சள் நுரை கிளம்பி, மேடையில் பரவி, நிதானமாக அடுப்பை நோக்கி நகர்ந்து, இரண்டு பர்னரையும் நிரப்பிவிட்டு, தரைக்கு இறங்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது.

மனைவி கரண்டியோடு ஒதுங்கி நின்றாள். "சாப்பிட்டாங்க போல" என்றாள்.

துடைத்தார்கள். பர்னர் துளைகளில் புகுந்த நுரை சர்க்கரைப் பாகாகக் காய்ந்து இறுகிவிட்டது. ஊசியால் குத்தினாலும் வரவில்லை. அடுப்பு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். ஃபிளாஸ்க்கில் பாதிக்குமேல் நுரையாக வெளியேறிவிட்டது. மிச்சம் இருந்தவை அடியில் சோர்ந்து கிடந்தன. விடிய விடிய மூன்று தடவை எழுந்து பார்த்தும் வெப்பமானி முப்பதைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை காலையில் பேராசிரியர் ஃபோன் செய்தார்.

"குழந்தைங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

"சாப்பிட்டாங்களா?"

"வயிறு முட்ட சாப்பிட்டாங்க சார்."

"நான் இல்லாம ஏங்கிப் போயிருப்பாங்க. திங்கக்கிழமை காலையில ஏர்போர்ட்டுல இருந்து நேரா வந்துடறேன். பார்த்துக்கோங்க."

ஃபோனை வைத்த உதவியாளர் நேராக ஃபிளாஸ்க்கிடம் போனார். முப்பத்தைந்து டிகிரிக்காவது கொண்டுவந்தால்தான் இவை பெருக ஆரம்பிக்கும். வெந்நீரில் வைத்துச் சூடேற்றலாம். ஆனால் ஃபிளாஸ்க் சூட்டை வெளியே விடாது, அதே மரியாதையோடு உள்ளேயும் விடாது. எனவே குழந்தைகளை ஒரு பால் பாத்திரத்துக்கு மாற்றினார். அடுப்பு இல்லாததால் குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து, ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டு, அதற்குள் பாத்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் முப்பத்தைந்துக்கு வந்ததும் சுவிட்சை அணைக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

பதினோரு வருஷமாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தவர். குளியலறைச் சுவர் குளுகுளுவென்று இருந்தது. இரண்டே நிமிஷம் என்று கண்ணை மூடினார்.

"என்னங்க, வாளி கொதிக்குது" என்று மனைவி உலுக்கியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெப்பமானியைப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தார். எண்பத்திரண்டு. அறுபதைத் தாண்டினால் ஒன்றுகூட மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். அவரே எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கோபமாக நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"எல்லாமே போயிடுச்சா?"

"எல்லாமே."

"வேற எங்கயும் கிடைக்காதா?"

"அந்த ஊத்தே இப்ப இல்ல. உலகத்துலயே கடைசி. நான் கொதிக்க வெச்சுட்டேன்."

பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்க்க அவருக்கு மனம் வரவில்லை. கொல்லைப்புறம் எடுத்துப் போய்ச் செடித் தொட்டியில் ஊற்றினார். ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். மகள் பள்ளிக்கூடம் போன நாட்களில்கூட அவர் இத்தனை தடவை எழுந்து சாப்பாடு கொடுத்ததில்லை. செடி என்னவோ அடுத்த வாரம் நன்றாகத் துளிர்த்தது, அது வேறு விஷயம்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுப்பு இல்ல, ஒண்ணும் சமைக்க முடியாது. போய் ரொட்டி வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

கல்லூரியின் முன்வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. பின்வாசல் வழியாகவே போய் வந்து பழகியவருக்கு அப்படி ஒரு கடை இருப்பது மட்டும்தான் தெரியும். உள்ளே நுழைந்தது அன்றைக்குத்தான். கடைக்காரர் முழங்கைவரை மாவோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியில் பிசைந்த மாவு ஈரத்துணி போர்த்திக்கொண்டு புடைத்துக் கிடந்தது.

"ரொட்டி இப்பதான் உள்ள வெச்சிருக்கேன் சார். பத்து நிமிஷம் ஆகும்."

உதவியாளர் ஆயாசத்தோடு சாய இடம் தேடித் தொட்டியின் விளிம்பில் கை ஊன்றினார். கை வழுக்கி மாவின் மேல் பட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

"இது சுடுதே" என்றார்.

"சுடும் சார். ஈஸ்ட் வேலை செய்யுதில்ல?"

"அடுப்பு பக்கத்துல வெச்சிருந்தீங்களா?"

"அடுப்பு அந்தக் கோடியில இருக்கு. இது தானா சுடறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போட்டுட்டா ஜுரம் வந்த மாதிரி கொதிக்கும்."

உதவியாளர் மாவை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு பென்சிலைக்கூடக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தவர் அல்ல. அடுத்து அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவருக்கே புதிதாகக் கேட்டன.

"இந்த ஈஸ்ட் ஒரு பாக்கெட் கிடைக்குமா?"

"வீட்டுல பன் போடறீங்களா சார்?"

"ஆமா."

"இது அரைக் கிலோ பாக்கெட். ஐநூறு பன் வரும்."

"பெரிய குடும்பம்" என்றார் உதவியாளர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பெரிய குடும்பத்தோடு போயிற்று. ஃபிளாஸ்க்கைக் கழுவிக் காயவைத்து, ஈஸ்டைக் கரைத்து ஊற்றி, தீனி வைத்தார். இரண்டே மணி நேரத்தில் நாற்பத்திரண்டு டிகிரி. மூடிக்கு மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டு விசிறியால் விசிறினார். விளக்கு எரிந்தது. முன்பெல்லாம் கடுகளவுக்கு எரிந்தது இப்போது மிளகளவுக்கு எரிந்தது.

அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமே வரவில்லை. பேராசிரியர் மலையேறிக் கண்டுபிடித்ததைவிட, கடையில் பாக்கெட்டில் கிடைப்பது நன்றாக எரிகிறது என்றால் அந்த மனுஷனின் வாழ்நாள் உழைப்புக்கு என்ன அர்த்தம்? கேட்கவே பாவமாக இருந்தது.

"வாசனை வேற மாதிரி இருக்கா பாரு. பழகின மூக்கு, எனக்கு வித்தியாசம் தெரியல" என்று மனைவியிடம் நீட்டினார்.

மனைவி முகர்ந்தாள். "அதே நாத்தம்தான். உங்க சட்டையில பதினோரு வருஷமா துவைக்கறேனே."

"உனக்கு ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டு உதவியாளர் மூடியைத் திருகினார்.

திங்கட்கிழமை காலை. மின்சாரம் வந்துவிட்டது. ஆய்வகத்தில் ஏ.சி. பதினெட்டில் உறுமியது. பேராசிரியர் பெட்டியும் கையுமாக நேராக உள்ளே வந்தார். ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். அப்புறம் உதவியாளரை நீண்ட நேரம் பார்த்தார்.

"என்னய்யா பண்ணீங்க?"

"தீனி வெச்சேன் சார்."

"நான் பத்து நாளா இல்ல. இவ்வளவு பிரமாதமா எரியுது."

"சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டேன் சார்."

பேராசிரியர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று நினைத்தவர்போல் மூடிக்கொண்டார். "சரி, நல்லதுதான்" என்றார்.

குழுவில் இரண்டு பேர். தலைவர் ஒருவர், நுண்ணுயிர்த் துறையில் பெரிய பெயரெடுத்த அம்மையார் ஒருவர். தலைவர் உள்ளே நுழைந்ததும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இந்த அறையைக் குளிர வெக்க எவ்வளவு மின்சாரம் ஆகுது?" என்று கேட்டார்.

"அது கட்டடப் பிரிவு சார். நாங்க உற்பத்தி மட்டும்தான்" என்றார் பேராசிரியர்.

தலைவர் ஃபிளாஸ்க்கின் முன் குனிந்தார். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் குழந்தை முகமாகிவிட்டது. அம்மையார் அவ்வளவு சுலபத்தில் மயங்கவில்லை.

"ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்க்கலாமா?" என்றார்.

உதவியாளருக்குப் பதினெட்டு டிகிரியிலும் முதுகில் வேர்வை ஓடியது. கதை முடிந்தது என்று நினைத்தார். பன் மாவில் போடுவது அந்த அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

"அதோட லென்ஸ் ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்" என்றார் பேராசிரியர் சட்டென்று.

லென்ஸ் எங்கேயும் போகவில்லை. அன்று காலையில்தான் உதவியாளர் அதைத் துடைத்து வைத்திருந்தார். நீண்ட பயணம், அலுப்பு, மனுஷன் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, அந்த மறதியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பரவாயில்ல. எங்க லேப்லயே பார்த்துக்கறோம்" என்றார் அம்மையார்.

தலைவர் நிமிர்ந்தார். "இவ்வளவு அபூர்வமான உயிரை ஒரே இடத்துல வெச்சிருக்கறது ஆபத்து. இருபது ஆய்வகங்களுக்கு ஆளுக்கு ஒரு குப்பி அனுப்பிடுங்க. ஒரு வாரத்துக்குள்ள."

பேராசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. பெற்ற பிள்ளைகளை இருபது இடத்துக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் எந்தத் தகப்பனுக்குத்தான் தாங்கும்? அந்தத் தகப்பனின் பிள்ளைகள் செடித் தொட்டியில் இருப்பது அந்த அறையில் உதவியாளருக்கு மட்டும்தானே தெரியும்.

குழு போனதும் உதவியாளர் லீவுக் கடிதத்தை நீட்டினார்.

"லீவா? இப்பவா?" என்றார் பேராசிரியர். "இருபது குப்பிய்யா. குழந்தைங்க ஊர் ஊரா போகப்போற நேரத்துல நீங்க இல்லைன்னா எப்படி?"

"விளக்கு எரிஞ்சா தரேன்னு சொன்னீங்க சார்."

"எரிஞ்சதாலதானே இவ்வளவு வேலை. எரியாம இருந்திருந்தா வேற விஷயம். அடுத்த வருஷம் பார்க்கலாம். குப்பியை எல்லாம் கழுவி மட்டும் வைங்க, நானே நிரப்பிக்கறேன்."

உதவியாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அவள் கத்தாதது பெரிய தண்டனையாக இருந்தது. நடையிலிருந்த பையை எடுத்துக் கட்டிலில் வைத்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பீரோவில் பழைய இடத்திலேயே அடுக்கினாள். பேத்திக்கு வாங்கிய சின்னக் காலுறைகள் கடைசியாக வந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதவியாளருக்கு அழுகை வந்தது. தன் மேலேயே கோபமும் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் காபியைக் கீழே வைத்துவிட்டு, "பையை மறுபடியும் அடுக்கு" என்றார்.

"எதுக்கு?"

"நான் உண்மையைச் சொல்லிடப் போறேன். இருபது பேரு மைக்ராஸ்கோப்புல பார்த்து அது பன் ஈஸ்ட்னு சொன்னா சார் தலை நிமிர முடியுமா? என்னால அவர் மானம் போகக் கூடாது. நான்தான் கொன்னேன்னு நானே சொல்லிடறேன். வேலையை விட்டுத் தூக்கட்டும். ஏழு மணி ரயில் இருக்கில்ல?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி இருந்தது. "இருக்கு. டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணல" என்றாள்.

இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஐஸ் ஒழுகியது, நுரை பொங்கியது, வாளி கொதித்தது, தான் தூங்கியது என்று ஒன்றையும் விடவில்லை. கடைசி வரியில் 'தங்கள் செல்வங்களைக் கொன்ற பாவி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அது கொஞ்சம் அதிகம் என்று மனைவி சொன்னாள். அவர் அந்த வரியை அடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் கல்லூரிக்குப் போனபோது பேராசிரியரின் அறை பூட்டியிருந்தது. வெளியே போயிருக்கிறார், அரை மணியில் வந்துவிடுவார் என்றார் அலுவலகக் குமாஸ்தா. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உதவியாளர் வராந்தாவில் நடந்தார். நடக்க நடக்க ஒரு சந்தேகம் வந்தது. வெறும் கடிதத்தை நீட்டினால் அவர் நம்ப வேண்டுமே. உலகத்தில் எங்கும் இல்லாத உயிருக்குப் பதிலாகக் கடைச் சரக்கு எரிந்தது என்றால் எந்த விஞ்ஞானி நம்புவார்? அதே பாக்கெட் ஒன்றையும் வாங்கிக் கடிதத்தோடு மேஜையில் வைத்துவிட்டால் மறுபேச்சுக்கு இடமிருக்காது.

முன்வாசல் வழியாக இறங்கித் தெருவைக் கடந்தார். மனம் லேசாக இருந்தது. வேலை போகப் போகிறது, அது நிச்சயம். ஆனால் நாளைக்குக் காலையில் பேத்தியின் முழு முகத்தையும் பார்த்துவிடலாம். அந்த நல்ல மனுஷனிடம் பதினோரு வருஷ நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டதுதான் வருத்தமாக இருந்தது.

"வாங்க சார், ஐநூறு பன்னும் தீர்ந்துடுச்சா?" என்றார் பேக்கரிக்காரர்.

"இன்னும் ஒரு பாக்கெட் வேணும்."

"அடடா, ஒண்ணுகூட இல்லையே சார். இப்பதான் உங்க காலேஜ் பேராசிரியர் வந்து இருந்த மொத்தத்தையும் வாங்கிட்டுப் போனார். இருபது குப்பியில போட்டு அனுப்பணுமாம்."

உதவியாளரின் கை சட்டைப் பையிலிருந்த கடிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"அவர்... இங்க வாங்குவாரா?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமா இங்கதான் சார். 'எதுக்கு இதுக்கு நேரம் தவறாம தீனி போட்டுக் கஷ்டப்படறீங்க, பேசாம கொட்டிட்டு லீவுல போய்ட்டு வாங்க, வந்து புதுசா ஒரு பாக்கெட் கலக்கிக்கலாம்'னு நான்கூடச் சொன்னேன். 'நான் போயிட்டுதான் இருக்கேன், தீனி போடறதுக்கு லீவே எடுக்காத ஒருத்தர் இருக்கார்'னு சொல்லிச் சிரிச்சார்."